பத்து ஆடு, ஒரே கேள்வி, ஐந்து விடை: எந்தச் சோதனையைப் போடுவது?

கன்னிஆடு | புதன், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். விலங்கியல் முதுகலை இறுதியாண்டு மாணவி. மானூர்ப் பக்கம் ஒரு கிடையில் பத்துக் கன்னி இன ஆடுகளுக்குக் குடற்புழு நீக்க நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தேன். வேப்பிலை, தும்பை, பாகற்காய், பூண்டு எல்லாம் சேர்த்து அரைத்துப் பனங்கருப்பட்டியில் உருட்டிய உருண்டை. ஆட்டுக்கார அண்ணாச்சி வீட்டில் அவருடைய தாத்தா காலத்திலிருந்து கொடுத்துவருகிறார்கள். மருந்துக்கு முன்னால் ஒரு முறை, பதினான்காம் நாள் ஒரு முறை புழுக்கை எடுத்து, ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று மெக்மாஸ்டர் தட்டில் (முட்டை எண்ணுவதற்கென்றே கோடு போட்ட கண்ணாடித் தட்டு) எண்ணினேன்.

முன்: 250, 300, 400, 450, 550, 650, 700, 900, 1200, 3800
பின்: 150, 200, 250, 300, 350, 450, 500, 600, 700, 1500

சராசரி 920 இலிருந்து 500 ஆகிவிட்டது. ஏறக்குறைய பாதி. ஆனால் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டால் பி-மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவாவது வித்தியாசம் வரும் வாய்ப்பு; 0.05க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கம்) 0.25 என்று வருகிறது. வழிகாட்டி ஆசிரியர், எண்ணிக்கை குறைவாக இருந்தால், தரவரிசையை வைத்துக் கணக்கிடும் வில்காக்சன் சோதனைதான் என்கிறார். சீனியர் அக்கா இணை டி-சோதனை போடச் சொல்கிறார். திங்கட்கிழமை அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும். எதைப் போடுவது?

பிசானம் | புதன், இரவு 9.50

0.25 வந்தது, முன் பத்தும் பின் பத்தும் வெவ்வேறு இருபது ஆடுகள் என்று மென்பொருளிடம் நீங்கள் சொல்லிவிட்டதால். ஓர் ஆட்டுக்கு 250, இன்னோர் ஆட்டுக்கு 3800. அந்த ஏற்றத்தாழ்வு முழுவதையும் அது இரைச்சலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்களுக்கு வேண்டியது ஒவ்வோர் ஆடும் தன்னோடு தானே எவ்வளவு மாறியது என்பது மட்டும். கழித்துப் பத்து வித்தியாசங்களாக்கிவிட்டால், ஆட்டுக்கு ஆடு உள்ள வேறுபாடு கணக்கை விட்டே போய்விடும்.

டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட், ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் 1908இல் டி-சோதனைக்கு வித்திட்ட கட்டுரையிலேயே காட்டிய எடுத்துக்காட்டு இப்படிப்பட்டதுதான். பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், இரண்டையும் ஒவ்வொருவரும் உட்கொண்டார்கள். இணையாகப் பார்த்தால் பி 0.003. இணையைப் பிரித்துவிட்டு அதே எண்களைப் போட்டால் 0.08. அக்கா சொன்னது சரி.

பழைய வாத்தியார் | புதன், இரவு 10.31

அம்மா, சோதனை இருக்கட்டும். நீங்கள் கொடுத்த இரண்டு வரிசைகளையும் பாருங்கள். முன் வரிசை சின்னதிலிருந்து பெரிதாக ஏறுகிறது. பின் வரிசையும் அப்படியே ஏறுகிறது. பத்து ஆடுகள் இரண்டு முறையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் வந்து நின்றனவா? அறுபது வயதில் நான் அப்படி ஒரு கிடையைப் பார்த்ததில்லை.

கன்னிஆடு | வியாழன், காலை 6.20

ஐயா, இரவு முழுக்கத் தூக்கமில்லை. வரைபடம் போடுவதற்காக எக்செல்லில் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எந்த ஆட்டுக்கு எது என்பது கலைந்துவிட்டது. புழுக்கை நாற்றம் இன்னும் போகாத கள நோட்டு கையில் இருந்தது, பிழைத்தேன். கொம்பில் பூசிய சாய எண்படி உள்ளது இதுதான்:

1: 400, 250
2: 650, 350
3: 300, 200
4: 1200, 700
5: 550, 600
6: 900, 450
7: 3800, 1500
8: 250, 150
9: 700, 500
10: 450, 300

ஐந்தாம் எண் ஆட்டுக்கு முட்டை கூடியிருக்கிறது. வரிசைப்படுத்தியதில் அது தெரியாமலே போய்விட்டது.

பழைய வாத்தியார் | வியாழன், காலை 7.05

வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னால் இதைச் செய்தவர் சாதாரண ஆள் இல்லை. டார்வின் மக்காச்சோளத்தில் அயல் மகரந்தச் சேர்க்கையால் வந்த நாற்றையும் தன் மகரந்தச் சேர்க்கையால் வந்த நாற்றையும் ஒரே தொட்டியில் இணையிணையாக நட்டு வளர்த்து உயரம் அளந்தார். 15 இணைகள். 1876இல் வந்த நூலில் அந்த அட்டவணை இருக்கிறது. கணக்கைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி உறவினரான கால்டனிடம் ஒப்படைத்தார். கால்டன் இரண்டு வரிசைகளையும் தனித்தனியே உயரப்படி அடுக்கி, அப்படி அடுக்கியதை எதிரெதிரே வைத்துக் கழித்தார். ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர் என்று டார்வின் பாடுபட்டுக் கட்டிய இணை, அடுக்கியபோதே அவிழ்ந்துவிட்டது.

1935இல் புள்ளியியலாளர் ஃபிஷர் அந்த எண்களை மறுபடி எடுத்து இணையாகவே கணக்கிட்டார். டி 2.148. பி 0.05க்கான எல்லைக்கோடு 2.145. மயிரிழையில் தாண்டியது. டி-சோதனை எதிர்பார்க்கும் இயல்நிலைப் பரவலை (நடுவில் குவிந்து இரு பக்கமும் சீராகச் சரியும் மணி வடிவம்) நம்பாதவர்களுக்காக இன்னொன்றும் செய்தார். 15 வித்தியாசங்களுக்கும் கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றி மாற்றிப் போட்டால் 32,768 வழிகள் வரும். அத்தனையையும் எடுத்துப் பார்த்து, டார்வின் கண்ட அளவுக்காவது வித்தியாசம் தருபவை 5.3 விழுக்காடு என்று கண்டார். 15இல் 13 இணைகளில் அயல் சேர்க்கை நாற்றே உயரம். குறியை மட்டும் எண்ணினால் பி 0.007. ஆக, அந்த ஒரே அட்டவணைக்கும் மூன்று விடை.

தாமிரபரணிக்கரை | வியாழன், காலை 10.40

அலுவலகத்தில் புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருள் திறந்துதான் இருந்தது. திருத்திய எண்களைப் போட்டேன். வந்த பி-மதிப்புகள்:

இணை இல்லாத டி: 0.25
இணை டி, எண்கள் அப்படியே: 0.083
குறிச் சோதனை, 10இல் 9 குறைவு: 0.021
வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனை: 0.004
மடக்கை (log) எடுத்தபின் இணை டி: 0.0003

கடையில் ஐந்து சேலை விரித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. தங்கச்சி, கடைசிச் சேலையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள்.

பிசானம் | வியாழன், காலை 11.15

அண்ணாச்சி, கேலிக்குச் சொன்னாலும் இதை எடுத்துக்கொண்டு நிஜமாகவே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்தையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சின்னதைத் தேர்ந்தால், அந்த பி-மதிப்பு சொல்வதாகச் சொல்லும் வாய்ப்பு அளவு பொய். மடக்கை எடுப்பது சரியாக இருக்கலாம். ஆனால் காரணம் 0.0003 என்பதாக இருக்கக் கூடாது.

ஆய்வகத்து அக்கா | வியாழன், மாலை 4.25

காரணத்தை நான் சொல்கிறேன். இந்தத் தட்டை எண்ணி எண்ணியே கண் போனவள் நான்.

3 கிராம் புழுக்கை, 42 மில்லி உப்புக் கரைசல். தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரையாமல் அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்கிய கரைசல். முட்டை மேலே மிதக்க வேண்டும் அல்லவா. வடிகட்டித் தட்டின் இரண்டு அறைகளிலும் நிரப்பி, சில நிமிடம் விட்டு, கோட்டுக்குள் தெரிகிற முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்குவோம். ஆகவே எட்டாம் எண் ஆட்டின் 150 என்பது நீங்கள் கண்ணால் கண்ட மூன்றே மூன்று முட்டை. 100 குறைந்தது என்றால், முன்பு ஐந்து கண்டீர்கள், பின்பு மூன்று கண்டீர்கள். ஏழாம் ஆட்டுக்கு முன்பு 76, பின்பு 30. இந்த இரண்டு வித்தியாசங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. முட்டை அதிகமுள்ள ஆட்டில் ஆட்டமும் அதிகம்.

அதோடு, மருந்து வேலை செய்யும் விதமே பங்குக் கணக்கு. எல்லா ஆட்டிலும் தலைக்கு 400 முட்டை குறைக்கும் மருந்து எதுவும் கிடையாது. இருக்கிற புழுவில் இத்தனை பங்கைக் கொல்லும். 250 இருந்த ஆட்டில் 400 எப்படிக் குறையும்? கழித்தல் இங்கே தவறான கணக்கு, வகுத்தல்தான் சரி. மடக்கை எடுத்துக் கழிப்பது வகுப்பதுதானே. இதை முட்டை எண்ணுவதற்கு முன்பே சொல்லிவிடலாம், பி-மதிப்பைப் பார்க்கத் தேவையில்லை.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மருந்தால் அதிகம் பலன் பெற்றது ஏழாம் ஆடு. அதை மட்டும் நீக்கிவிட்டு எண்களை அப்படியே இணை டி-யில் போட்டால் 0.083 என்பது 0.007 ஆகிறது! அதிகம் குணமான ஆட்டை விலக்கினால் மருந்து வேலை செய்கிறது, சேர்த்தால் செய்யவில்லை. வித்தியாசங்களின் சராசரியை அது இரண்டு மடங்காக்கினால், அவற்றின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தை ஏறக்குறைய நான்கு மடங்காக்கிவிடுகிறது. இப்படி ஒரு கோணல் விடை வந்தால் ஆட்டைச் சந்தேகிக்காதீர்கள், அளவுகோலைச் சந்தேகியுங்கள்.

கன்னிஆடு | வியாழன், இரவு 8.02

அக்கா, நன்றி. அப்படியானால் வில்காக்சன் வேண்டாமா? எந்த அனுமானமும் இல்லாத சோதனை என்று வகுப்பில் எழுதி வைத்திருக்கிறேன். எண்கள் இயல்நிலையில் பரவியுள்ளனவா என்று பார்க்கும் ஷாப்பிரோ-வில்க் சோதனை போட்டுப் பார்த்தேன், முன் வரிசை இயல்நிலை இல்லை என்று வந்தது. அதனால்தான் ஆசிரியர் அப்படிச் சொன்னார்.

பிசானம் | வியாழன், இரவு 8.45

இரண்டு திருத்தம். இயல்நிலையைப் பார்க்க வேண்டியது வித்தியாசங்களில். முன் வரிசை எப்படிக் கோணியிருந்தாலும் இணை டி-க்குக் கவலையில்லை. அந்தச் சோதனையை நம்பி முடிவெடுப்பதும் சரியில்லை. பத்து எண்களில் கோணலைக் கண்டுபிடிக்க அதற்குப் பலம் போதாது. அந்தப் பலம் வருகிற அளவுக்கு எண்கள் இருக்கும்போது டி-சோதனை சிறு கோணலைத் தானே தாங்கிக்கொள்ளும். பத்து வித்தியாசங்களை ஒரு கோட்டில் புள்ளிகளாகக் குத்திப் பார்த்தாலே 2300 தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

இரண்டாவது, வில்காக்சனுக்கும் அனுமானம் உண்டு. வித்தியாசங்களைக் குறியை மறந்துவிட்டு அளவுப்படி தரவரிசை கொடுக்கிறது அல்லவா, அப்போதே 100 குறைந்ததையும் 500 குறைந்ததையும் ஒப்பிடலாம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். விடையை இடைநிலை வித்தியாசம் என்று எழுத வேண்டுமானால், வித்தியாசங்கள் நடுப்புள்ளியின் இரு பக்கமும் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். உங்கள் எண்கள் அப்படி இல்லை. ஒன்றுமே வேண்டாம் என்றால் மிஞ்சுவது குறிச் சோதனை ஒன்றுதான்.

ஆசிரியர் சொன்னதில் பிழையில்லை, ஆனால் எண்ணிக்கை குறைவு என்பது அதற்குக் காரணம் ஆகாது. உண்மையில் குறைந்தால் வில்காக்சன்தான் முதலில் மூச்சுத் திணறும். ஐந்து ஆடுகள் மட்டும் இருந்து, ஐந்துக்கும் முட்டை சுத்தமாகப் போயிருந்தாலும் அது தரக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு 2/32, அதாவது 0.0625. மருந்து அமிர்தமாகவே இருந்தாலும் 0.05ஐத் தாண்டாது. ஆறு ஆடு இருந்தால்தான் 0.031க்கு வழி உண்டு. சோதனைக்கு முன்னால் ஆட்டை எண்ணிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக்கரை | வியாழன், இரவு 9.10

மடக்கை எடுத்தபின் வில்காக்சனும் போட்டுப் பார்த்தேன். அதே 0.004. ஏறிய ஒரே ஆட்டின் மாற்றம்தான் இரண்டு அளவுகோலிலும் மிகச் சிறியது. இந்த முறை தப்பித்தோம்.

வெள்ளை_கோட் | வியாழன், இரவு 10.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் வேலை. இரண்டு சர்க்கரைக் கருவிகளில் ஒரே நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்து இணை டி-சோதனை போட்டோம். பி 0.6. இரண்டும் ஒன்றுபோலத்தான் அளக்கின்றன என்று எழுதலாமா?

பழைய வாத்தியார் | வியாழன், இரவு 10.40

கூடாது தம்பி. ஒரு கருவி பாதிப் பேருக்கு 40 கூட்டியும் பாதிப் பேருக்கு 40 குறைத்தும் காட்டினால், சராசரி வித்தியாசம் பூச்சியம், பி-மதிப்பு பிரமாதம், நோயாளி ஆபத்தில். ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் எழுதிய வழி இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு அளவின் சராசரியைக் கிடையாகவும் வித்தியாசத்தைக் குத்தாகவும் போட்டு, வித்தியாசங்கள் எந்த எல்லைக்குள் விழுகின்றன என்று பாருங்கள். அந்த எல்லை மருத்துவருக்குச் சம்மதமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாளை இன்னொருவர், உண்டு, இல்லை என்ற விடையோடு வருவார், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டுக்கு இரண்டு முறையில் புழு உண்டா இல்லையா என்று பார்த்தால் மெக்நேமர் சோதனை, 1947. இரண்டு முறையும் ஒத்துச் சொன்ன ஆடுகளை அது கண்டுகொள்ளாது. முரண்பட்டவற்றில் 9க்கு 2 என்றால் துல்லியக் கணக்கில் 0.065. சரி, ஆட்டுக்குத் திரும்புவோம்.

ஊசி_மருந்து | வெள்ளி, காலை 5.50

கால்நடை மருத்துவன். பி-மதிப்புக்கு இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறீர்கள், மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

தாமிரபரணிக்கரை | வெள்ளி, காலை 9.35

மடக்கைக் கணக்கைத் திருப்பிப் போட்டேன் டாக்டர். பின் எண்ணிக்கை முன்னதில் சராசரியாக 0.62 பங்கு. அதாவது 38 விழுக்காடு குறைவு. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (உண்மையான குறைவு இருக்கக்கூடிய எல்லை) 25 முதல் 49 வரை.

ஊசி_மருந்து | வெள்ளி, காலை 9.58

அதைத்தான் கேட்டேன். 1992இல் வந்த நெறிமுறைப்படி, கடை மருந்தைச் சோதிக்கும்போது முட்டைக் குறைவு 95 விழுக்காட்டுக்குக் கீழே போய், நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லையும் 90க்குக் கீழே இருந்தால், புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொல்லிவந்தோம். (அங்கே மடக்கை எடுக்காமல், கூட்டி வகுத்த சாதாரணச் சராசரியில் கணக்கிடுவது வழக்கம். அதன்படியும் உங்களுக்கு 46தான்.) 38ஐ வைத்துக்கொண்டு 0.0003 என்று மார்தட்டினால், ஆட்டின் இரைப்பையில் மிச்சமிருக்கிற புழு சிரிக்கும்.

அந்த 38ஆவது மருந்தால் வந்ததா? எந்த மாதம்? ஆடுகளை யார் தேர்ந்தெடுத்தது?

கன்னிஆடு | வெள்ளி, மதியம் 1.10

ஐப்பசிக் கடைசியில் தொடங்கினேன் சார், மழை பிடித்துக்கொண்ட நேரம். எந்தெந்த ஆடு என்று அண்ணாச்சிதான் பிடித்துக் கொடுத்தார். மெலிந்து, தாடை வீங்கி நின்றவற்றையே பெரும்பாலும் பிடித்தார். பாவம், அவற்றுக்குத்தானே மருந்து வேண்டும்.

ஊசி_மருந்து | வெள்ளி, மதியம் 2.30

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் கணக்கு அங்கேதான் சறுக்கியது. மோசமாக இருக்கும் நாளில் பிடித்த ஆடு, ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் இரண்டு வாரத்தில் சற்றுத் தேறியிருக்கும். 3800 மறுபடி எண்ணினாலே இறங்கும். இது ஒரு பக்கம். மறுபக்கம், மழைக்குப் பின் புல்லில் இளம்புழு பெருகும், மருந்து கொடுக்காத ஆட்டில் முட்டை ஏறியிருக்கவும் கூடும். உங்கள் 38, மருந்தைத் தூக்கிக் காட்டுகிறதா, அமுக்கிக் காட்டுகிறதா என்று இந்தப் பத்து ஆடுகளை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. மருந்து கொடுக்காத ஆடுகள் சில, அதே கிடையில், அதே பதினான்கு நாள் வேண்டும்.

பிசானம் | வெள்ளி, மாலை 5.20

டாக்டர் சொன்னதோடு ஒன்று. இரண்டு கூட்டம் வைத்த பின், மருந்துக் கூட்டத்தில் பி 0.01, சும்மா இருந்த கூட்டத்தில் 0.2, ஆகவே மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடாதீர்கள். எத்தனையோ ஆய்வேடுகளில் இந்தப் பிழையைப் பார்த்துவிட்டேன். இரண்டு கூட்டத்தின் மாற்றங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும்.

கன்னிஆடு | சனி, இரவு 7.45

இன்று கிடைக்குப் போய்வந்தேன். இரண்டு செய்திகள்.

ஐந்தாம் எண் ஆடு. அண்ணாச்சியிடம் கேட்டேன். அது உருண்டையை வாயின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்துவிட்டு, நான் அடுத்த ஆட்டைப் பிடிக்கத் திரும்பியதும் துப்பிவிட்டதாம். சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அப்படியானால் அதை நீக்கிவிடலாம் அல்லவா? ஒன்பதுக்கு ஒன்பதும் குறைவு!

ஆய்வகத்து அக்கா | சனி, இரவு 8.10

நீக்காதே. அதன் எண் ஏறியதால்தானே போய் விசாரித்தாய்? மற்ற ஒன்பதும் விழுங்கினவா என்று கேட்டாயா? குறைந்த ஆடு துப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்தையும் வைத்து முதன்மைக் கணக்கு, ஐந்தாம் ஆடு துப்பியது என்று ஒரு வரி, அதை விட்டுவிட்டால் என்ன வரும் என்று அடுத்த வரி. கிடையிலும் ஆடு துப்பத்தான் செய்யும். துப்புகிற மருந்து என்பதும் அந்த மருந்தைப் பற்றிய செய்திதான்.

தாமிரபரணிக்கரை | சனி, இரவு 8.15

கருப்பட்டியையே துப்பிய ஆடா? அது வடக்கத்தி ஆடாக இருக்கும்.

கன்னிஆடு | சனி, இரவு 8.40

சரி அக்கா, பத்தும் இருக்கும். மடக்கை, இணை டி, 38 விழுக்காடு, அதன் இடைவெளி, ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாததால் மருந்தின் பலன் என்று சொல்ல முடியாது என்ற வாக்கியம். இப்படித்தான் திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன்.

இரண்டாவது செய்தி. தை பிறந்ததும் இருபத்துநான்கு ஆடு தருவதாக அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். பாதி ஆட்டுக்கு மருந்து கொடுக்காமல் விடுவது அவருக்குப் பிடிக்கவேயில்லை. பதினைந்தாம் நாள் மீதிக்கும் கொடுத்துவிட வேண்டும், உருண்டை பிடிப்பது அவர் மனைவிதான், இந்த இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஆடுகளை எப்படிப் பிரிப்பது?

பழைய வாத்தியார் | சனி, இரவு 9.05

முதலில் எல்லாவற்றுக்கும் முட்டை எண்ணுங்கள். எண்ணிக்கைப்படி அடுக்குங்கள் (இப்போது அடுக்கலாம்!). மேலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்தால் பன்னிரண்டு இணை கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் ஒரு நாணயம் சுண்டுங்கள். பூ விழுந்தால் அடையாள எண் சின்னதாக உள்ள ஆட்டுக்கு உருண்டை, தலை விழுந்தால் பெரிதாக உள்ள ஆட்டுக்கு. சுண்டுவது நீங்களாக இருங்கள், அண்ணாச்சியிடம் விட்டால் மெலிந்த ஆட்டுக்குத்தான் பூ விழும். பதினான்காம் நாள் தட்டை எண்ணுகிறவருக்கு எது மருந்து ஆடு என்று தெரியக் கூடாது. முடிவில் ஒவ்வோர் ஆட்டின் மடக்கை மாற்றத்தையும் எடுத்து, இணைக்குள் கழித்து, அந்தப் பன்னிரண்டு வித்தியாசங்களுக்கு இணை டி. இதை இன்றைக்கே நோட்டில் எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள்.

ஆய்வகத்து அக்கா | சனி, இரவு 9.20

எண்ணுவதற்கு நான் வருகிறேன். புழுக்கையை மண்ணிலிருந்து பொறுக்காமல் ஆட்டிடமிருந்தே எடுத்து, பையில் எண் எழுதி அனுப்பு. கொம்புச் சாயம் போன தடவையே பாதி அழிந்திருக்கும், காதுக்குத் தகடு வாங்கிக்கொள்.